ஒரு மூடி பெற்றோல்

பேத்திக்குக் கடுங்காய்ச்சல், ஆஸ்பத்திரிக்கு ஏற்ற வாகனமில்லை என்று உருத்திரபுரத்திலிருந்து மகள் ஸ்ரெல்லா சொல்லியனுப்பியதும், மரியநேசன் முல்லைத்தீவிலிருந்து மோட்டார்சைக்கிளில் புறப்பட்டார்.

போர்த்தடையால் வன்னிக்குப் பெற்றோல் வருவதில்லை. வண்டி மண்ணெண்ணெயில்தான் ஓடியது. வேகம் குறைந்தாலே நின்றுவிடும். திரும்ப எழுப்ப ஒரு மூடி பெற்றோலாவது ஊற்றவேண்டும். சட்டைப்பையில், மருந்துப் போத்தலில், அந்த ஒரு மூடிதான் இருந்தது. அது பேத்தியை ஏற்றிக்கொண்டு புறப்படுவதற்கு.

உருத்திரபுரத்தை நெருங்கும்போது, புழுதிக்குள் முக்காடிட்ட ஒருத்தி கைக்குழந்தையோடு வண்டியை மறித்தாள். முகத்தைப் பார்த்தால் மனம் கேட்காது. மரியநேசன் தலையைக் குனிந்துகொண்டு விலத்திப் போனார். அவள் கத்தியது எஞ்சின் இரைச்சலில் கேட்கவில்லை.

மகளின் வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டு ஞானேஸ்வரி ஓடிவந்தாள்.

"ஸ்ரெல்லா எங்கை பிள்ளை?"

"குழந்தைக்கு வலிப்பும் வந்திட்டுது ஐயா. இருக்க ஏலாமல் தூக்கிக்கொண்டு நடந்திட்டா. அப்பா இந்த றோட்டாலதான் வருவார், மறிச்சு ஏறுவன் எண்டு சொன்னவா. நீங்கள் காணேல்லையோ?"

மரியநேசனின் கை சட்டைப்பைக்குப் போனது. போத்தலில் பெற்றோல் ஒரு சொட்டும் குறையாமல் இருந்தது.