மணியின் செல்லப்பிள்ளை

இரும்புக் குண்டை உருட்டி விளையாடும் பழைய பின்பால் இயந்திரம் ஒன்றில் ஒரு மணியும் இரண்டு ஸ்விட்சுகளும் இருந்தன. எந்த ஸ்விட்சில் குண்டு மோதினாலும் அதன் இரு தகடுகளும் தொட்டுக்கொள்ள, மணி அடிக்கும்.

ஒரு நாள் இடது ஸ்விட்சின் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. குண்டு புறப்படும் முன்பே மணி ஓயாமல் அலறியது.

“உழைப்பு என்றால் இது!” என்று மணி வலது ஸ்விட்சை ஏளனம் செய்தது. “நீயும் இருக்கிறாயே, குண்டு வந்து இடிக்கும்வரை தூங்கிக்கொண்டு!”

“வராத குண்டை வந்ததென்று சொல்ல எனக்கு வராது, அண்ணே.”

“அப்படியானால் உனக்கு இங்கே என்ன வேலை?” என்று சிரித்தது இடது ஸ்விட்ச்.

மெக்கானிக் சவரிமுத்து வந்து இயந்திரத்தின் மேல்கண்ணாடியைத் தூக்கினார். வலது ஸ்விட்சை அழுத்தினார், விட்டார். மணிச் சத்தத்தில் மாற்றமே இல்லை.

“இது செத்துப்போச்சு,” என்று அதைக் கழற்றி எறிந்தார்.

“ஒழிந்தான் சோம்பேறி!” என்று மணி மேலும் அலறியது.

சவரிமுத்து இடது ஸ்விட்சைக் குனிந்து பார்த்தார். “தகடு ரெண்டும் நல்லா சேர்ந்திருக்கு. இதுல ஒண்ணும் இல்ல.” பிறகு மணியின் வயரைப் பிடுங்கினார். சத்தம் நின்றது.

“பாத்தீங்களா! கோளாறு மணியிலதான்,” என்றார் இயந்திரத்தின் சொந்தக்காரரிடம்.

மாலையில் புது மணி வந்து அமர்ந்தது.

“வாங்க, வாங்க,” என்றது இடது ஸ்விட்ச். “உங்களுக்கு ஓய்வே தரமாட்டேன்.”