தூங்குற லேப்டாப்பில் திருட்டு

"மூடி வெச்சா சும்மா தூங்க வேண்டியதுதானே? தூக்கத்துலயும் சார்ஜைக் குடிச்சா என்ன அர்த்தம்?"

ரிப்பேர் கடையில் சேல்ஸ் மேனேஜர் எகிறினார்.

எகிறாமல் என்ன செய்வார்? வீட்டில் முழுசாக சார்ஜ் ஏற்றிக்கொண்டுதான் கிளம்புகிறார். லேப்டாப்பை மூடி காரில் வைத்துவிட்டு, கஸ்டமரிடம் பேசப் போவார். பேச்சு படிந்ததும் டெமோ காட்ட எடுத்து வந்து திறந்தால் பாதி காலி! நேற்று பெரிய கம்பெனி ஒன்றில் டெமோ நடுவில் ஸ்கிரீன் பொசுக்கென்று அணைந்து, அத்தனை பேர் முன்னால் மனுஷன் அசடு வழிந்தார். ஆர்டர் போனது போனதுதான்.

கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பேட்டரி நல்லாத்தான் இருக்கு சார். இந்த மாடல் தூங்கும்போதும் பக்கவாட்டுல இருக்குற யூஎஸ்பி பாயின்ட் வழியா கரண்ட் கொடுக்கும். யாராவது எதையாவது சொருகுறாங்களான்னு பாருங்க."

யாராவது என்ன, யாராவது? காரில் இருப்பது டிரைவர் ஒருத்தர்தான்!

மேனேஜர் டிரைவரிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. கையும் களவுமாகப் பிடித்து, இன்றோடு ஆளைக் கழற்றிவிட வேண்டும்.

காரில் ஏறியதும் போன் அடித்தது. ஊரில் தனியாக இருக்கும் அம்மா.

"அம்மா, வேலை நேரத்துல கூப்பிடாதேன்னு எத்தனை தடவை சொல்றது? அவசரம்னா டிரைவர் நம்பர் கொடுத்திருக்கேன்ல, அவர்கிட்ட சொல்லு!"

கட் செய்தார். டிரைவர் ரோட்டையே பார்த்து ஓட்டினார்.

கஸ்டமர் ஆபீஸ் வந்தது. உள்ளே போவது போல் போன மேனேஜர், வரவேற்பறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, பூனை மாதிரி திரும்பி வந்தார்.

நினைத்தது சரி. பின் சீட்டில் லேப்டாப். அதிலிருந்து ஒரு ஒயர் முன் சீட்டுக்கு. அங்கே டிரைவர், போனைக் காதில் வைத்துக்கொண்டு சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

மேனேஜர் கதவை வெடுக்கென்று திறந்தார்.

"இதானா சங்கதி? என் ஆர்டரைக் கெடுத்துட்டு, நீங்க அரட்டை அடிச்சிட்டு இருக்கீங்க!"

டிரைவர் பதறி போனைப் பொத்தினார். "மன்னிச்சிடுங்க சார். கார்ல சார்ஜர் பாயின்ட் கெட்டுப்போச்சு. சொன்னேன், அப்புறம் பார்க்கலாம்னீங்க. டெமோ நின்னது இதாலதான்னு சத்தியமா தெரியாது சார்."

"நாளையிலேருந்து வர வேண்டாம். ஒயரைப் பிடுங்குங்க முதல்ல!"

"இப்ப வேணாம் சார்..."

"அப்படி யாருய்யா அது?"

போனைப் பிடுங்கிக் காதில் வைத்தார்.

"என்னப்பா, சத்தத்தையே காணோம்? அவன் வந்துட்டானா? நான் பேசினேன்னு சொல்லிடாதே, கோவிச்சுக்குவான். தினமும் நீயாவது கட் பண்ணாம பேசுறியே தம்பி, நல்லா இரு. ஆமா, அவன் சாப்பிட்டானா?"

மேனேஜரின் அம்மா! கை தானாக ஒயரின் மேல் போனது.

டிரைவர் மெல்லச் சொன்னார்.

"போன்ல சார்ஜே இல்ல சார். அதைப் பிடுங்கினா, அம்மா லைன் கட்டாயிடும்."