முதல் பக்கத்தில் கொலைகாரன்

என் வீட்டுக்காரர் கொலைக்கதைகளைத் தவிர வேறு எதையும் படித்ததில்லை. விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுத்தான் பக்கம் புரட்டுவார். அலமாரியில் இருக்கும் அத்தனை புத்தகங்களும் ஓரத்தில் எச்சில் பட்டுப் பழுத்துக் கிடக்கின்றன. மூன்றாவது அத்தியாயம் முடிவதற்குள் கொலைகாரன் யாரென்று இவருக்குத் தெரிந்துவிடுமாம். பெரிய துப்பறியும் புலி மாதிரி முதல் பக்கத்தில் பென்சிலால் பெயரை எழுதி வைப்பார். அடுத்துப் படிக்கிறவன் நாசமாய்ப் போகட்டும் என்ற நல்லெண்ணம். ஒரு புத்தகத்தில்கூட அவர் எழுதிய ஆள் கொலைகாரனாக இருந்ததில்லை. ஆனாலும் அழிக்க மாட்டார்.

“கதை எழுதினவனுக்கே தெரியலைடி” என்பார்.

போன மாதம், நான் ஆற்றிக் கொடுத்த பாலைக் குடித்துவிட்டு, பாதிப் புத்தகத்திலேயே போய்ச் சேர்ந்தார். மாரடைப்பு என்றார் டாக்டர்.

நேற்று மகள் புதுக் கொலைக்கதை ஒன்று வாங்கி வந்தாள். அப்படியே அப்பன் புத்தி. என் கண் முன்னால்தான் மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக் கிழித்தாள். முதல் பக்கத்தைத் திறந்தவள் அசையாமல் நின்றாள்.

“அம்மா, இது அப்பா கையெழுத்து.”

வாங்கிப் பார்த்தேன். அதே பென்சில், அதே கோணல் எழுத்து. எழுதியிருந்தது என் பெயர்.

“செத்தும் புத்தி வரலை பாரு. அந்த மனுஷன் என்னைக்குடி சரியா கண்டுபிடிச்சிருக்காரு?” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. பக்கத்தின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். ஈரமாக இருந்தது.