விளக்கு அணையும் வீடு

ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் நடுங்குவது தேர்வுக்கு வந்தவர் மட்டும்தான் என்று உலகம் நம்புகிறது. இது கடுமையான பிழை. உடனே திருத்திக்கொள்ள வேண்டும். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரும் நடுங்குவதுண்டு.

அவரைச் சக தேர்வாளர்கள் 'கத்தரி' என்பார்கள். மனப்பாடம் செய்து ஒப்பிப்பவர்களைப் பாதி வாக்கியத்தில் வெட்டிவிடுவார். ஒப்பித்தால் அந்தப் பகுதிக்கு மதிப்பெண் கிடையாது. விதி அப்படி.

அன்றைய கேள்வி அட்டையில் இருந்த தலைப்பு: 'பண்டிகையும் பகிர்தலும்.'

முதலில் ஒரு பேருந்து ஓட்டுநர். பேச்சு ஆங்கிலத்தில்தான் நடந்தது. தமிழில் சொல்லும்போது பிழைகள் உதிர்ந்துவிடுகின்றன.

"எங்க எதிர்வீட்டுல ஒருத்தர் தனியா இருக்கார் சார். பண்டிகைக்கு ஒரு தட்டுல இனிப்பு கொண்டுபோவோம். கதவைத் தட்டினதும் உள்ளே விளக்கு அணைஞ்சிடும்."

கத்தரியின் பேனா நின்றது. யாராவது கதவைத் தட்டினால் விளக்கை அணைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவர் வழக்கமும்கூட. சரி, ஊரில் எத்தனையோ பேர் அப்படி இருப்பார்கள்.

அடுத்து ஒரு நர்ஸ்.

"எதிர்வீட்டுல ஒருத்தர் தனியா இருக்கார் சார். கதவுல பேர்ப்பலகை இல்ல, ஆணி மட்டும்தான். நீலப் பூப் போட்ட தட்டை வாசல்ல வெச்சிட்டு வந்துடுவோம். மறுநாள் தட்டு கழுவி வெளியே இருக்கும்."

ஆணி, நீலப் பூ. இரண்டு வருஷமாகக் கத்தரி தன் பேர்ப்பலகையை மாட்டாமல் விட்டிருந்த ஆணி அது.

"உங்க வீடு எந்தப் பக்கம்?"

நர்ஸ் திருதிருவென்று விழித்தாள். "அது... கோச்சிங்ல இவ்வளவுதான் சார் குடுத்தாங்க."

இரண்டு பேருக்கும் 'மனப்பாடம்' என்று எழுதினார். எழுத்து கொஞ்சம் கோணலாக வந்தது.

மூன்றாவதாக ஒரு கல்லூரிப் பெண். வெளிநாட்டுப் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது, இந்த மதிப்பெண் மட்டும்தான் பாக்கி என்று வந்த வேகத்தில் சொல்லிவிட்டாள்.

"எங்க எதிர்வீட்டுல ஒருத்தர்..."

"போதும்மா. விளக்கு அணையும், ஆணி இருக்கும், தட்டு திரும்பி வரும். அதானே?"

அவள் முகம் வெளுத்தது. "சார், உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"காலையிலேர்ந்து நீ மூணாவது ஆள்."

"ஐயோ, அம்மா நடத்துற கோச்சிங் சார். எங்க வீட்டுக் கதையையே மாதிரி விடையா எழுதி எல்லாருக்கும் குடுத்துட்டாங்க. மத்தவங்களுக்கு அது பாடம். எனக்கு அது எதிர்வீடு."

கத்தரி அட்டையைக் கவிழ்த்து வைத்தார். அட்டையில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"விளக்கை அணைக்கிற ஆளுக்கு எதுக்கும்மா கொண்டுபோறீங்க? அவர் சாப்பிடறாரா?"

"மாட்டார் சார். குப்பையில கொட்டிடுவார். குப்பை எடுக்கிற அண்ணன் அப்பவே சொல்லிட்டார்."

"தெரிஞ்சுமா?"

"தட்டு வெளியே வருதுல்ல, அது போதும் சார். அவருக்கு முன்னாடி அந்த வீட்டுல ஒரு பெரியவர் தனியா இருந்தார். செத்துப்போய் ஒரு வாரம் யாருக்கும் தெரியல. நாங்க எதிர்ல உக்காந்து டிவி பாத்து சிரிச்சிட்டிருந்தோம். அதுலேர்ந்து அம்மாவுக்கு எல்லா நாளும் பண்டிகைதான். தம்பி பாஸாயிட்டான், பூனை குட்டி போட்டுச்சுன்னுகூடத் தட்டு போகும். தட்டு வெளியே வந்தா, ஆள் இருக்கார்."

மேசைமேல், தேர்வைப் பதிவுசெய்யும் கருவியின் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

"இந்தத் தடவை தட்டு வரல சார். நாலஞ்சு நாளாச்சு. விளக்கும் எரியல. அம்மா பூட்டுக்காரரைக் கூட்டிட்டு வரப் போனாங்க. இந்நேரம் உடைச்சிருப்பாங்க."

அவள் கைக்குட்டையால் கண்ணை ஒற்றினாள்.

"அவர் மூஞ்சியைக்கூட நான் பாத்ததில்ல. ஆனாலும் காலையிலேர்ந்து கை நடுங்குது. மார்க்கைக் குறைச்சிடாதீங்க சார்."

கத்தரி வீட்டு முன்னறை பல்பு போய் நாலஞ்சு நாள் ஆகியிருந்தது. தேர்வு நேரம், மாற்ற அலுப்பு. தட்டு சிங்க்கில் கிடந்தது, கழுவவும் அலுப்பு.

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அவர் நல்லாத்தான் இருப்பார்மா."

"நீங்க எப்படி சார் சொல்றீங்க?"

கத்தரி கருவியைப் பார்த்தார். "நன்றி. தேர்வு முடிந்தது."

அவள் போன பிறகு தாளை நிரப்பினார். 'மனப்பாடம்' என்று எழுதவில்லை. கீழே வழக்கமான கேள்வி: 'தேர்வுக்கு வந்தவரை முன்பே அறிவீர்களா?' எதிர்வீட்டுப் பெண். இரண்டு வருஷம். 'இல்லை' என்று குறித்தார். பொய் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை.

அந்த வீட்டுக் கதவில் இப்போது புதுப் பூட்டு. அதற்கு இரண்டு சாவி. ஒன்று எதிர்வீட்டில் இருக்கிறது.