காணாமல் போனவர் என்றால் யார்?

காவல்துறைப் பட்டியலையும் வெளியூர் பெரிய மருத்துவமனையின் பட்டியலையும் ஒன்றாக்க மூன்றாவது நாளாகக் கூட்டம் நடந்தது.

“புகார் வந்தாதான் எங்களுக்கு அவர் ‘காணாமல் போனவர்’,” என்றார் இன்ஸ்பெக்டர்.

“பேர் சொல்ல முடியாதவரை நாங்க ‘அடையாளம் தெரியாதவர்’னுதான் எழுதுவோம். அவர் எங்க காணாமப் போனார்? எங்க கட்டில்லதானே படுத்திருக்கார்!” என்றார் டாக்டர்.

கணினிப் பிரிவுப் பெண் பொறுமையிழந்தாள். “ரெண்டு பேரும் ஒரே ஆளைத்தான் சார் சொல்றீங்க. ‘வீடு சேர வேண்டியவர்’னு பொதுவா ஒரு தலைப்பு வைங்க. வயசு, உயரம், தழும்பு மூணையும் ஒரே மாதிரி எழுதினா போதும்.”

“என்னம்மா, வீட்டுக்குப் போக அவ்வளவு அவசரமா?” என்று இன்ஸ்பெக்டர் சிரித்தார். ஆனாலும் இருவரும் ஒருவழியாகத் தலையாட்டினார்கள்.

அவள் உடனே பட்டியல்களை இணைத்தாள். திரையில் முதல் பொருத்தம் வந்தது: வயது அறுபத்தெட்டு, இடது முழங்கையில் தீத்தழும்பு, கட்டில் எண் பத்தொன்பது.

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினாள்.

“என்னம்மா ஆச்சு?”

“இந்தப் புகார் கொடுத்ததே நான்தான் சார். உள்ளூர்ல பன்னிரண்டு நாளா தேடாத இடமில்ல. இவர் எங்கப்பா.”

டாக்டர் எழுந்துவிட்டார். “பஸ்ல மயங்கி விழுந்தவர்மா. நேத்து கண்ணைத் திறந்துட்டார். வா, என் கார்லயே போயிடலாம்.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். இன்ஸ்பெக்டர் அவளுடைய கைப்பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.