பெயருக்கு முன்னால்

ஒரு சொல்லை முன்னால் வைத்து ஆளை மண்ணுக்குள் இறக்கிவிட்டார்களே என்று முனவ்வறா நினைக்கிறாள். அழைப்பிதழ் மடியில் கிடக்கிறது. பல்கலைக்கழகத்தின் இதழியல் கற்கைநெறி, பெயரெடுத்த பழைய மாணவர்களைக் கௌரவிக்கிறதாம். நாலாவது பெயர், மர்ஹூம் றபியுத்தீன். அவள் புருஷன். மூன்று வருஷத்துக்கு முன் சாகாமத்துக்குச் செய்தி எடுக்கப் போனவன் திரும்பவில்லை, அடக்க மையித்தும் கிடைக்கவில்லை. கண்ணாடி ஓட்டால் இறங்கும் மத்தியான வெயில் அவனுடைய தட்டச்சுப் பொறியில் விழுகிறது. கடற்காற்றில் துருப்பிடிக்காமலிருக்க, சற்றுமுன்தான் அதைத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தாள். அவன் பாதியில் விட்ட தாள் உருளையில் மஞ்சளித்து நிற்கிறது.

அவனோடு படித்த அருளம்பலம் கதிரை நுனியில் இருக்கிறார்.

“அமரர் எண்டுதான் அச்சடிக்கப் பாத்தாங்க, தங்கச்சி. நான் விடல்ல. உங்கட முறைக்கு மர்ஹூம் எண்டு போட வெச்சன்.” குரலில் பெருமை. “நீங்க மேடைக்கு வந்து பொன்னாடைய வாங்கினாக் காணும்.”

வாங்கினால் அன்றைக்கே வெள்ளை உடுத்து, விதவையாக வீட்டுக்குள் அடைந்து இத்தா இருக்க வேண்டும். ஊர் எவ்வளவோ சொல்லியும் அவள் இருக்கவில்லை. அவன் வருவான் என்ற நம்பிக்கை எப்போதோ வற்றிப்போயிற்று. ஆனாலும் தன் கையால் முடித்துவைக்க அவளால் முடியவில்லை. பெருவிரலால் அந்தச் சொல்லைத் தேய்க்கிறாள். எண்ணெய் பரவுகிறது, எழுத்து அழியாமல் இன்னும் கறுத்துத் தெரிகிறது.

அழைப்பிதழை மடித்து அவர் கையில் வைக்கிறாள்.

“சோறு ஆக்கியிருக்கன், சாப்பிட்டுட்டுப் போங்க அண்ணன். இது இந்த வீட்டு ஆளுக்கு வந்ததில்ல.”