மூன்று எண்ணும் வரை

அன்டனனரிவோவின் மேட்டுத் தெருவில் ஓர் அறை. வெளிநாட்டார் மலகாசி மொழி பழக, இங்கே ஒலிப்பாடம் பதிவாகிறது. சத்தம் புகாதிருக்க ஜன்னலில் தொங்கவிட்ட கம்பளியின் கிழிசல் வழியே பிற்பகல் வெயில் நுழைந்து, பாடத்துக்குக் குரல் கொடுக்கும் ஹைங்குவின் கையிலுள்ள தாளில் ஊர்கிறது. பக்கத்தில், அடிப்பிடித்த சோற்றில் காய்ச்சிய தண்ணீர் கோப்பையில் ஆறிக்கிடக்கிறது. "ஹௌடி" என்கிறாள். அடுத்தவர் வாசலில் நின்று கூப்பிடும் சொல் அது. உள்ளேயிருந்து "மண்ட்ருசுவா", உள்ளே வா, என்று பதில் வராமல் இந்த ஊரில் யாரும் படி தாண்டுவதில்லை. "இப்ப அந்தப் பதிலைச் சொல்லுங்கக்கா. கடைசி எழுத்த முழுங்கிடுங்க, நாம பேசுற மாதிரி" என்கிறான் ஒலிப்பதிவு செய்யும் தஹிரி. சொல்கிறாள். கடைசி எழுத்து வெறும் மூச்சாகிறது. அந்த மூச்சும் நடுங்குகிறது. "ஐயோ அக்கா, கேக்கறவன் அழுதுடுவான்! பக்கத்து வீட்டுக்காரிதான் வந்திருக்கான்னு நெனச்சுக்குங்க." ஹைங்கு சிரித்து வைக்கிறாள். நான்கு வருடத்துக்கு முன், பிரான்சுக்குப் புறப்பட்ட நாளில், தங்கை சாஹுலி வாசலில் நின்று மூன்று முறை ஹௌடி சொன்னாள். சண்டைபோட்ட சூடு ஆறாத ஹைங்கு உள்ளே அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கதவு திறந்துதான் கிடந்தது. சாஹுலி படி தாண்டவில்லை. "சொல்லிட்டு மூணு எண்ணுற வரைக்கும் பேசாதீங்க. பாடம் கேக்கறவங்க திருப்பிச் சொல்ல இடம் வேணும்ல?" என்கிறான் தஹிரி. "மண்ட்ருசுவா." ஒன்று, இரண்டு, மூன்று. "பிரமாதம்க்கா!" கருவியின் சிவப்பு விளக்கு அணைகிறது. ஹைங்கு கதவைப் பார்த்தபடி எண்ணிக்கொண்டே இருக்கிறாள்.